"தெருவில் விளையாடக் கூடாது"னு போர்டு வச்ச அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

எங்க நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் அண்ணாச்சி, செயலாளர் சார், பொருளாளர் அண்ணாச்சி, மத்த கமிட்டிக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். எந்த நகருன்னு சொல்லல, பாளையங்கோட்டைப் பக்கம்னு மட்டும் வச்சுக்கிடுங்க. இதப் படிக்க பாதிப் பேருக்கு இது அவங்க தெருவுன்னு தான் தோணப் போகுது.

நம்ம தெரு முக்குல புதுசா ஒரு போர்டு வச்சிருக்கிய. "தெருவில் பந்து விளையாடக் கூடாது, மீறினால் பந்து பறிமுதல் செய்யப்படும், இப்படிக்கு நிர்வாகம்." மஞ்சப் பெயிண்ட்ல கறுப்பு எழுத்து, நல்லாத்தான் எழுதிருக்கு. மீட்டிங்ல இதுக்குச் சொன்ன காரணம் பிள்ளைங்க பாதுகாப்பு. அத நான் சந்தேகப்படல, உங்க பேரப்பிள்ளைங்களும் இதே தெருவுல தானே கிடக்கு. ஆனா ஒண்ணு கேக்கேன். ஆபத்து வண்டில வருது, போர்ட எதுக்குப் பிள்ளைக்கு வச்சிய? "இங்கே பையப் போகவும்"னு வண்டிக்காரனுக்கு ஒரு போர்டு வைக்க யாருக்கும் தோணல பாத்தியளா, எனக்கு அது தான் ஆத்தலா இல்ல.

நான் யாருன்னு தெரியும்லா, கீழ வரிசைல தையல் மெஷின் போட்டிருக்கவ. மெஷின் ஜன்னலப் பாத்து தான் கிடக்கு, சாயந்தரம் ஸ்கூல் வேன் வந்து பிள்ளைங்க இறங்குததுல இருந்து தெரு லைட்டு எரியுத வரைக்கும் எவன் எப்படிப் போறான்னு என் கண்ணுல படாம இருக்காது, அதனால கேள்விப்பட்டத எழுதல, பாத்தத எழுதுதேன்.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டு நம்ம தெரு குண்டும் குழியுமா கிடந்துச்சே, அப்ப நம்ம எல்லாருமே கார்ப்பரேசன திட்டாத நாள் கிடையாது, ஆனா யோசிச்சுப் பாருங்க அந்த சமயத்துல தான் பிள்ளைங்க நிம்மதியா விளையாண்டுச்சு, ஏன்னா ஒருத்தனாலயும் வேகமா வர முடியாது, பைக்கு கூட உருட்டாத குறையா தான் போகும். பிறகு புது ரோடு போட்டாங்க, வழவழன்னு ஆயிருச்சு, நம்மளும் சந்தோசப்பட்டோம். மறு வாரத்துல இருந்து சிக்னல்ல நிக்கப் பொறுக்காதவன் எல்லாம் இதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் மெயின் ரோட்டுல ஏறுதான். கூகுள் மேப்பு வேற இந்தப் பக்கம் போனா ரெண்டு நிமிசம் மிச்சம்னு காட்டுதாம். அந்த ரெண்டு நிமிசம் யாருக்கு மிச்சம்? இந்தத் தெருவுல வீடு இல்லாதவனுக்கு.

வேகம்னு பொதுவா சொன்னா யாருக்கும் உறைக்காது, கணக்காவே சொல்லுதேன். மணிக்கு 30 கிலோமீட்டர்ல வார வண்டி ஒரு செகண்டுல 8 மீட்டருக்கு மேல வந்துரும். 50ல வந்தா கிட்டத்தட்ட 14 மீட்டர். பிள்ளை குறுக்க வருதுன்னு கண்ணு பாத்து மூளைக்குப் போயி கால் பிரேக்க மிதிக்கதுக்கே ஒரு செகண்டு ஆகும், அதாவது பிரேக்கே பிடிக்காம 14 மீட்டர் போயாச்சு, பிடிச்ச பிறகு வண்டி நிக்க இன்னும் அம்புட்டு தூரம் வேணும், அதுவும் நல்ல டயரு, காஞ்ச ரோடுன்னா தான். நம்ம தெருவுல பக்கத்துப் பக்கத்து வீட்டு கேட்டுக்கு இடைல எத்தன அடி இருக்குன்னு நடந்து பாத்துக்கிடுங்க. வேகம் ரெண்டு மடங்கானா இடிக்க இடி ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு, இது பள்ளிக்கூடப் புஸ்தகத்துலயே இருக்கு. 2020ல ஸ்டாக்ஹோம்ல உலக நாடுங்க பலதும் கூடி ரோடு பாதுகாப்புக்குன்னு ஒரு பிரகடனம் போட்டாங்க, அதுலயும் ஆளுங்களும் வண்டியும் கலந்து நடமாடுத இடத்துல 30க்கு மேல போகக் கூடாதுன்னு தான் சொல்லிருக்கு. பிள்ளை விளையாடுத தெருவுக்கு 30ஏ கூடுதல்னு நான் சொல்லுவேன், 15 போதும். ஹாலந்துல டெல்ஃப்ட்னு ஒரு ஊர்ல 1960கள் கடைசிலயே தெருவுக்குள்ள செடித்தொட்டி, திண்டு, வளைவுன்னு வச்சு வண்டி நடை வேகத்துல தான் போக முடியும்ங்க மாதிரி ஆக்கிட்டாங்க, 1976ல அத அங்க சட்டமாவே கொண்டு வந்தாங்க, அந்தத் தெருக்கள்ல பிள்ளைங்க நடுரோட்டுல விளையாடலாம், வண்டிக்காரன் தான் ஒதுங்கி வரணும். அவங்க ஊரு பணக்கார ஊருன்னு சொல்லுவிய. செடித்தொட்டிக்கு எம்புட்டு ஆகும் அண்ணாச்சி?

இனி சொல்லுதது கொஞ்சம் கசக்கும், கோவிச்சுக்கிடாதீங்க. வேகமா வாரவன் எல்லாம் வெளியூர்க்காரன்னு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னாரு. சாப்பாடு டெலிவரி பண்ணுத பயலுவ மேல தான் பழி விழுந்துச்சு. அவனாவது செல்போன்ல நேரம் ஓடுதேன்னு பதறி வாரான், அவன் வயித்துப்பாடு. நம்ம தெருவுலயே மீசை முளைக்காத பயலுவ அப்பா பைக்கத் தூக்கிட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்கிட்டுப் போறானே, அவன் வெளியூரா? பேரு சொல்லல, கமிட்டிலயே ரெண்டு மூணு வீட்டுல உண்டு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்துனப்ப 199ஏனு ஒரு பிரிவு சேத்தாங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டுனா அப்பன் ஆத்தாளுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூவா அபராதமும் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலும், வண்டி ஆர்சி ஒரு வருசத்துக்கு ரத்து, அந்தப் பயலுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. ரப்பர் பந்து அடிக்க பயலுக்குப் பந்து பறிமுதல், பைக் ஓட்டுத பயலுக்கு "சூட்டிகையான பையன்"னு பேரு. இது எந்த ஊரு நியாயம்?

அடுத்தது கார். ரிவர்ஸ் எடுக்கது பத்தி யாருமே பேசுததில்ல, எனக்கு வேகத்த விட இது தான் பயம். முன்னால ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்துச்சு, இப்ப ஒரு வீட்டுக்கு ரெண்டு கார், ஷெட்டு ஒண்ணுக்கு தான் இருக்கு, மிச்சம் தெருவுல. ரெண்டு பக்கமும் நிறுத்திட்டா இடைல பிள்ளை நிக்கது எவனுக்கும் தெரியாது. பெரிய வண்டிக்குப் பின்னால ரெண்டு மூணு வயசுப் பிள்ளை உக்காந்து மண்ணு அள்ளிட்டு இருந்தா கண்ணாடிலயும் தெரியாது, திரும்பிப் பாத்தாலும் தெரியாது, கண்ணாடிக்குக் கீழ தான் அது தலையே இருக்கும். சென்சார் கத்தும்னு சொல்லுவாங்க, சென்சார் செவுத்தப் பாத்தாலும் கத்தும், செடியப் பாத்தாலும் கத்தும், கத்திக் கத்தி நம்ம காது பழகிப் போச்சு. இந்த மாதிரி விபத்துல பெரும்பாலும் வண்டி ஓட்டுதது சொந்தக்காரன், சித்தப்பாவோ தாத்தாவோ. அத நினைச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. இதுக்கு ஒரு பைசா செலவு கிடையாது, எடுக்கதுக்கு முன்னால வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து பாக்கணும், வீட்டு ஆள் ஒருத்தர் பின்னால நின்னு சொல்லணும், அவ்வளவு தான். இத ஒரு சர்க்குலரா அடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்திருந்தா நான் முதல் ஆளா வந்து கும்பிட்டிருப்பேன்.

சரி, போர்டு வச்சாச்சு, பிள்ளைங்க என்ன ஆச்சுன்னு பாத்தியளா? பெரிய பயலுவ சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான். எங்கடான்னு கேட்டா மைதானம்ங்கான். வ.உ.சி. மைதானமும் அண்ணா ஸ்டேடியமும் நம்ம தெருவுல இருந்து மெயின் ரோட்டத் தாண்டித்தான் போகணும், பஸ்சும் லாரியும் போற ரோடு, நம்ம தெருவ விட அது பத்திரமா? அதுவும் அங்க போனா தான். கோடைல பாதிப் பய போறது வாய்க்காலுக்கு, ஆத்துக்கு, கல்குவாரில தண்ணி நிக்க குழிக்கு. வருசா வருசம் ஏப்ரல் மே மாசம் பேப்பர்ல என்ன நியூஸ் வருதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. கண் முன்னால ஒன் பிட்ச் கேட்ச் ஆடிக்கிட்டு இருந்த பயல அங்கன விரட்டி விட்டது நம்ம தான்.

பொம்பளப் பிள்ளைங்க சமாச்சாரம் இன்னும் மோசம். பயலுவளுக்காவது சைக்கிள் இருக்கு, போறான் வாரான். பொம்பளப் பிள்ளைய எந்த வீட்டுல அம்புட்டு தூரம் அனுப்புவாங்க? அதுகளுக்கு இருந்த ஒரே மைதானம் அம்மா கூப்பிட்டா கேக்க தூரத்துல இருக்க தெரு தான். பாண்டி ஆடும், நொண்டி ஆடும், கல்லா மண்ணா ஆடும், ரெண்டு கேட்டுக்கு இடைல கயித்தக் கட்டி ஷட்டில் ஆடும். போர்டுல "பந்து"ன்னு தானே போட்டிருக்குன்னு நீங்க சொல்லலாம், ஆனா ஒரு தாத்தா வெளிய வந்து ஒரு சத்தம் போட்டா எல்லாம் தான் உள்ள ஓடிருது, கோலிக்குண்டா பந்தான்னு எவன் பாக்கான். இப்ப மேல வரிசைல எட்டாங்கிளாஸ் படிக்க பிள்ளை ஒண்ணு சாயந்தரம் முழுக்க மொட்டை மாடித் தட்டட்டில போன நோண்டிட்டு உக்காந்திருக்கு, அது நல்லா ஷட்டில் ஆடும். பிறகு அடுத்த மீட்டிங்ல நம்மளே "இந்தக் காலத்துப் பிள்ளைங்க போன விட்டா வேற தெரியாது"ன்னு பேசுவோம்.

தெரு வண்டிக்குத் தானே, விளையாடவா போட்டிருக்குன்னு செயலாளர் சார் கேட்டிய. சார், கோயில் கொடைக்கு மூணு நாள் தெருவ மறிச்சுப் பந்தல் போடுதோமே, வில்லுப்பாட்டுக்கு நடுரோட்டுல மேடை போடுதோமே, அப்ப தெரு யாருக்கு? ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேரு ஓடுதன்னைக்கு நாலு ரத வீதிலயும் ஒரு வண்டி வர முடியுமா, அம்புட்டு பெரிய கடைவீதிய நிறுத்துதோம். தசராவுக்குப் பாளையங்கோட்டைல சப்பரம் வரிசையா வாரப்போ வண்டி எல்லாம் சுத்தித்தான் போகுது. டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ் வந்தா நம்ம தெருவுல நின்னு பாடுதாங்க, வண்டிக்காரன் ஹாரன் அடிக்காம காத்துக் கிடக்கான். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், சாவு விழுந்த துஷ்டி வீடு எதுக்குன்னாலும் தெருவுல நாற்காலியப் போடுதோம். இதெல்லாம் வேண்டாம்னு சொல்லல, இருக்கணும், இது தான் நம்ம ஊரு அழகே. ஆனா சாமிக்கும் கட்சிக்கும் சோத்துப் பந்திக்கும் விடுத தெருவ பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ரெண்டு மணி நேரம் விட்டா என்ன குடி முழுகிரும்? வெளிநாட்டுக் கதை கூட வேண்டாம், குர்கான்ல 2013ல இருந்து ஞாயித்துக்கிழமை காலைல பெரிய பெரிய ரோட்டையே மறிச்சு ஆளுங்கள விளையாட விட்டாங்க, சென்னைல பெசன்ட் நகர்லயும் அப்படி நடந்துருக்கு. நம்ம கேக்கது ஒரு சின்னத் தெரு.

இன்னொரு சமாச்சாரம், இத எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன், எழுதிருதேன். நம்ம பத்திரத்தோட குடுத்த லேஅவுட் வரைபடத்த எல்லாரும் பீரோல இருந்து எடுத்துப் பாருங்க. தெக்கு மூலைல "பூங்கா"ன்னு கோடு போட்டு விட்டிருக்கு. அதுல இப்ப சங்கக் கட்டிடம் ஒரு ரூம், ஒரு போர்வெல், ஒரு ஷாமியானா சாமான் போட்டு வைக்க ஷெட்டு, மீதி எல்லாம் உடைமுள்ளு. இப்ப இருக்க 2019 கட்டட விதிப்படி ஒரு ஹெக்டேருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மீதி இடத்துல பத்து சதவீதம் பொதுவுக்குன்னு விட்டுத்தான் ஆகணும், நம்ம லேஅவுட் அதுக்கு முந்தினதுன்னாலும் பார்க்குன்னு காட்டித்தான் அப்ரூவல் வாங்கிருக்காங்க. பிள்ளைக்கு விட்ட இடத்துல உக்காந்து தான் பிள்ளை விளையாடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். கட்டிடத்த இடிங்கன்னு சொல்ல வரல. உடைமுள்ள வெட்டுங்க, ஒரு ஜேசிபி அரை நாள் வேலை, அந்த ஷெட்ட ஓரமா தள்ளுங்க, சின்னப் பிள்ளைங்க ஆட இடம் கிடைச்சிரும், பெரிய பயலுவளுக்கு அது காணாது, அது எனக்கும் தெரியும். பெரியவனுக்கு வேற வழி இருக்கு. பாளையங்கோட்டைல பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம், தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுன்னு பெருமையா சொல்லிக்கிடுதோம், ஒவ்வொண்ணுலயும் கண்ணுக்கு எட்டுன தூரம் மைதானம் கிடக்கு, சாயந்தரம் மணி அடிச்சா கேட்டுல பூட்டு. சனி ஞாயிறு மட்டும் பக்கத்துத் தெருப் பிள்ளைங்கள உள்ள விடுங்கன்னு சங்கம் லெட்டர்பேடுல ஒரு கடிதாசி குடுத்துப் பாருங்களேன், தனி ஆள் போயி கேட்டா வாட்ச்மேன் கிட்டயே பேச்சு முடிஞ்சிருது.

கவுன்சிலர் கிட்ட பேசிட்டோம், அவரு பாப்பாருன்னு சொன்னிய. பாக்கட்டும். ஆனா வாயால சொன்னது காத்துல போயிரும் அண்ணாச்சி. 2022ல இருந்து நகராட்சி, மாநகராட்சிக்கெல்லாம் பகுதி சபான்னு ஒண்ணு கொண்டு வந்துருக்காங்க, கிராம சபை மாதிரி தான், நம்ம நெல்லை மாநகராட்சில 55 வார்டு இருக்கு, எல்லாத்துக்கும் இது உண்டு. அதுல எழுதிக் குடுத்தா பதிவு ஆகும். என்ன கேக்கணும்னா, தெருவுக்குள்ள நுழையுத ரெண்டு முக்குலயும் வேக அளவு போர்டு, வெளி லாரி, டாங்கர் சாயந்தரம் வரக் கூடாதுன்னு ஒரு நேரம், முறையான ஸ்பீடு பிரேக்கர், வாய்க்கால் மேல உடைஞ்சு கிடக்க சிலாப்பும் மூடி இல்லாத மேன்ஹோலும் மாத்தணும். மேன்ஹோல முதல்லயே எழுதுங்க, 2023 டிசம்பர் மழைல தெருவும் வாய்க்காலும் ஒண்ணா ஆனப்போ எது ரோடு எது குழின்னு தெரியாம நம்ம நின்னது மறந்திருக்காது. நாய்த் தொல்லை தனிக் கதை, அத இதுல கலந்தா கூட்டம் நாய்ப் பேச்சுலயே முடிஞ்சிரும்.

பிள்ளைங்க பக்கமும் கட்டுப்பாடு வேணும், நான் ஒண்ணும் கண்ண மூடிட்டுப் பேசல. கார்க் பால் கூடவே கூடாது, ரப்பர் பந்து இல்லன்னா டென்னிஸ் பால் தான். முக்குல ஸ்டம்ப் நடக் கூடாது, திரும்புத வண்டிக்குத் தெரியாது, நடுத் தெருவுல ஆடட்டும். பந்து காருக்கு அடில போனாலோ அடுத்த வரிசைக்கு ஓடுனாலோ பின்னாலயே பாயக் கூடாது, நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு தான், இத நான் என் மெஷின்ல உக்காந்தே தினம் கத்திட்டு இருக்கேன், அதுகளும் இப்ப "ஆன்ட்டி கார்"னு எனக்கே குரல் குடுக்குதுங்க. மத்தியானம் பெரியவங்க படுக்க நேரம் ஆட்டம் வேண்டாம், பரீட்சை சமயம் சத்தம் குறைக்கணும், நடு வீட்டுத் தாத்தா ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்காரு, அவரு வாசல்ல ஆடக் கூடாதுன்னு பிள்ளைங்களே முடிவு பண்ணி வச்சிருக்கு, நம்ம மீட்டிங்ல கூட அம்புட்டு சீக்கிரம் முடிவு வராது. சாயந்தரம் அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் ஒரு பெரியாளு சேர் போட்டு வெளிய உக்காரணும். முறை வச்சுக்கிடுவோம், பொம்பளைங்க நாங்க ஏழெட்டு பேரு தயார். ஆம்பளைங்க யாராவது பேரு குடுத்தா நல்லா இருக்கும், வாட்ஸ்அப் குரூப்புல குட் மார்னிங் போடுத நேரத்துக்கு இது ஒண்ணும் பெரிசில்ல.

குழந்தைக்கு விளையாட உரிமை உண்டுன்னு ஐநா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 31வது பிரிவாவே எழுதிருக்கு, இந்தியா அதுல 1992ல சேந்துருக்கு. அதக் காட்டி உங்க கூட வழக்காட வரல, போர்டு எழுதுன பெயிண்டர் கிட்ட அடுத்த போர்டுக்கு வாசகம் குடுக்கப்போ ஒரு பக்கம் மனசுல இருக்கட்டும்னு சொல்லுதேன். வாசகமும் நானே சொல்லிருதேன்: "பிள்ளைகள் விளையாடும் தெரு. 15 கிலோமீட்டர் வேகத்தில் பையச் செல்லவும்." பெயிண்ட் செலவு எங்க தையல் குரூப் பாத்துக்கிடும்.

கடைசியா அந்த சிமெண்ட் விஷயம். போர்டு மட்டும் போதாதுன்னு நீங்களே தெருவுல ரெண்டு இடத்துல மேடு போடப் போறதா, மூட்டை கூட இறக்கியாச்சுன்னு பேச்சு. தயவு செஞ்சு போட்டுராதீங்க. முறைப்படி போடுத ஸ்பீடு பிரேக்கர் 12 அடி அகலம், 4 இஞ்சு தான் உயரம், வண்டி 25ல ஏறி இறங்குனா ஆளுக்கு அடி படாத மாதிரி வில்லு கணக்கா வளைஞ்சு இருக்கும், முன்னாலயே போர்டு இருக்கும், வெள்ளைக் கோடு போட்டிருக்கும். நம்ம கொத்தனார வச்சு இருட்டோட இருட்டாப் போடுதது ஒரு அடி அகலத்துல முக்கா அடி உயரத்துக்கு நிக்கும், ராத்திரி வார பைக்குக்காரன் தூக்கி எறியப்படுவான், ஆட்டோல போற மாசமான பிள்ளைக்கு ஆகாது, மழைக்குத் தண்ணி ஓடாம நம்ம வீட்டு நடைக்கு ஏறும், ஏதாவது ஆச்சுன்னா கேஸு சங்கத்து மேல தான். மாநகராட்சி இஞ்சினியருக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் மனு எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துக்கு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வீட்டு வீட்டுக்கு வாரேன், தலைவர் அண்ணாச்சி முதல் கையெழுத்துப் போட்டா மத்தவங்க தானா போடுவாங்க. அந்த சிமெண்ட் மூட்டைய அதுவரைக்கும் மழைல நனையாம வைங்க, வாய்க்கால் சிலாப்புக்கு ஆகும்.